கெர்னல் பக்க அட்டவணைப் பிரிப்பு

கெர்னல் பக்க அட்டவணைப் பிரிப்பு என்பது, பயனர் நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது இயங்குதளத்தின் மையமான கெர்னலின் நினைவகத்தை அந்நிரலின் முகவரி வெளியிலிருந்து ஏறக்குறைய முழுமையாக நீக்கிவைக்கும் இயங்குதளப் பாதுகாப்பு முறை. சுருக்கப் பெயர் கே.பி.டி.ஐ. இன்டெல் செயலிகளில் இருந்த மெல்ட்டவுன் ஓட்டையை அடைப்பதற்காக லினக்ஸில் சேர்க்கப்பட்டது. விண்டோஸில் இதற்கு கே.வி.ஏ. ஷேடோ என்றும் மேக் ஓ.எஸ்ஸில் டபுள் மேப் என்றும் பெயர்.

இந்த ஓட்டையின் வேர் 1967 வரை போகிறது. அவ்வாண்டு ஐ.பி.எம். பொறியாளர் ராபர்ட் டொமசுலோ, சிஸ்டம்/360 மாடல் 91 கணினியின் மிதவைப்புள்ளிப் பகுதிக்காக, ஆணைகளை எழுதிய வரிசையில் அல்லாமல் தரவு கிடைக்கும் வரிசையில் முடிக்கும் வழிமுறையை வெளியிட்டார். 1995 இல் பென்டியம் புரோ இந்த உத்தியை மேசைக் கணினிக்குக் கொண்டுவந்தது. அடுத்து எந்தக் கிளைக்குப் போகும் என ஊகித்து வேலையை முன்கூட்டியே தொடங்கிவிடும் பழக்கமும் அதில் இருந்தது. ஊகம் தப்பினால் முடிவுகளைத் தூக்கி எறிந்துவிடலாம், தடயம் மிஞ்சாது என்பது வடிவமைப்பாளர்களின் நம்பிக்கை. செயலியின் விரைவு நினைவகமான கேஷில் தடயம் மிஞ்சியது.

இன்னொரு பக்கம், முகவரிகளை நினைவக இடங்களோடு இணைக்கும் பக்க அட்டவணையில், ஒவ்வொரு நிரலுக்கும், கெர்னலையும் சேர்த்தே வைப்பது இயங்குதளங்களின் நெடுநாள் வழக்கம். அப்போதுதான் நிரல் கெர்னலின் சேவையைக் கேட்கும் சிஸ்டம் காலின்போது அட்டவணையை மாற்ற வேண்டியதில்லை. காவலுக்கு ஒரேயொரு அனுமதி பிட் போதும் என்று விட்டுவிட்டார்கள். இன்டெல் செயலியோ அந்த பிட்டைச் சோதித்து முடிப்பதற்குள் தரவை எடுத்து அடுத்த ஆணைக்குக் கொடுத்துவிடும். தாக்கும் நிரல் கெர்னலின் ஒரு பைட்டைப் படிக்க முயன்று, அதன் மதிப்பைச் சுட்டெண்ணாக வைத்து 256 பக்கங்கள் கொண்ட தன் அணியில் ஒன்றைத் தொடும். அனுமதி மறுக்கப்பட்டு எல்லாம் ரத்தாகும். ஆனால் தொட்ட பக்கத்தின் தரவு கேஷில் இருக்கும். எது விரைவாக வருகிறது என்று நேரம் அளந்தால் பைட்டின் மதிப்பு தெரிந்துவிடும். இப்படி நொடிக்கு 503 கிலோபைட் வரை படிக்க முடிந்ததாக மெல்ட்டவுன் ஆய்வுக் கட்டுரை பதிவு செய்கிறது.

தீர்வு நோய்க்கு முன்பே பிறந்தது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டேனியல் குருஸ் குழுவினர் உருவாக்கிய கைசர் என்ற திட்டம் 2017 இல் வெளியானது. கெர்னல் எந்த முகவரியில் இருக்கிறது என்பதை மறைப்பது மட்டுமே அப்போது அதன் நோக்கம். அவ்வாண்டு ஜூலையில் ஆய்வாளர் ஆண்டர்ஸ் ஃபோக் கெர்னல் நினைவகத்தைப் படிக்க முயன்று, தரவு கிடைக்கவில்லை என்றாலும், தடை செய்யப்பட்ட படிப்புக்குப் பிறகும் செயலி ஊக வேலையைத் தொடர்வதாக எழுதினார். அதற்கு முன்பே, ஜூன் மாதத்தில், கூகுளின் யான் ஹோர்ன் இவ்வகை ஓட்டைகள் பற்றி செயலி நிறுவனங்களுக்கு இரகசியமாகத் தகவல் கொடுத்திருந்தார். அக்டோபர் கடைசியில் இன்டெல்லின் டேவ் ஹான்சன் கைசரைத் திருத்தி லினக்ஸுக்கு அனுப்பினார். பெயர் சூட்டுவதில் மட்டும் உருவாக்குநர்கள் தாராளம் காட்டினார்கள். முதலெழுத்துகளைச் சேர்த்தால் அச்சேற்ற முடியாத வசையாகும் ஒரு பெயரும் பரிசீலனைக்கு வந்தது. வழக்கமாக இவ்வளவு பெரிய மாற்றம் உள்ளே வர மாதக்கணக்காகும். இது அவசர அவசரமாக நுழைந்ததே பலருக்குச் சந்தேகம் எழுப்பியது. டிசம்பர் கடைசி வாரம் ஏ.எம்.டி.யின் டாம் லெண்டாக்கி, தங்கள் செயலிகளுக்கு இது தேவையில்லை என்று ஒரு சிறு திருத்தம் அனுப்பி, காரணத்தையும் எழுதிவிட்டார்: மேல் அனுமதியுள்ள தரவைத் தங்கள் செயலி ஊகமாகக்கூடத் தொடாது என்று. அதன் பிறகு இரகசியம் என்று பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை. ஜனவரி 9 வரை காக்க வேண்டிய செய்தி 3ஆம் தேதியே வெளியானது. இந்த மாற்றத்தைக் கொண்ட லினக்ஸ் 4.15 பதிப்பு ஜனவரி 28 அன்று வந்தது.

செயல்முறை எளிது. ஒவ்வொரு நிரலுக்கும் இரண்டு அட்டவணைகள். கெர்னலுக்கானதில் எல்லாம் இருக்கும். பயனருக்கானதில் கெர்னலுக்குள் நுழையவும் வெளியேறவும் தேவையான சிறு பகுதி மட்டும். எக்ஸ்86 லினக்ஸில் இரண்டின் மேல்மட்டப் பக்கங்களும் 4 கிலோபைட் வீதம் அடுத்தடுத்து வைக்கப்படுவதால், சி.ஆர்.3 பதிவேட்டில் 12ஆம் பிட்டைத் திருப்பினாலே அட்டவணை மாறிவிடும். கெர்னலின் அட்டவணையில் பயனர் பகுதி இயக்கத் தகாதது எனக் குறிக்கப்பட்டிருக்கும். மாற்ற மறந்து வெளியேறினால் நிரல் உடனே நின்றுவிடும். தவறு கண்ணில் படுவதற்கான அழகான ஏற்பாடு இது.

பதிவேட்டை மாற்ற ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நூறு கடிகாரச் சுற்றுகள் செலவாகும். பி.சி.ஐ.டி. வசதி இல்லாத பழைய செயலிகளில் முகவரி மாற்றக் கேஷும் ஒவ்வொரு முறையும் காலியாகும். பெரும்பாலான வேலைகளில் வேகக் குறைவு ஏறத்தாழ 5 சதவீதம். சிஸ்டம் கால் மிகுந்த வலையமைப்புச் சோதனையில் 30 சதவீதம் வரை போனது. செயலியின் பிழைக்கு இயங்குதளம் கட்டிய அபராதம் இது.

மெல்ட்டவுனுடன் அறிவிக்கப்பட்ட ஸ்பெக்டர் ஓட்டைக்கு இந்த முறை உதவாது. அதன் ஒரு வகைக்கு கூகுளின் பால் டர்னர் உருவாக்கிய ரெட்போலின் என்ற உத்தி பயன்பட்டது; 2022 இல் ரெட்பிளீட் தாக்குதல் அதையும் சில செயலிகளில் தாண்டியது. மெல்ட்டவுன் வன்பொருளிலேயே திருத்தப்பட்ட புதிய இன்டெல் செயலிகளில் லினக்ஸ் இந்தப் பிரிப்பை இயக்குவதில்லை, 5.2 பதிப்பு முதல் இவ்வகைப் பாதுகாப்புகள் அனைத்தையும் ஒரே பூட் அமைப்பால் அணைத்துவிடலாம்.