பிளாட் வீட்டிலும் உரம் தயாரிக்கலாமா? ஒரு வாளியும் காய்ந்த இலையும் போதும்

சுங்கை பினாங்கில் நீங்கள் இன்று கட்டிப் போடும் குப்பைப் பை எங்கே போகிறது தெரியுமா? பத்து மாவுங் பரிமாற்ற நிலையம் வழியாகக் கடல் தாண்டி, நிபோங் திபால் அருகே உள்ள பூலாவ் பூரோங் குப்பைக் கிடங்குக்கு. மலேசிய வீடுகளின் குப்பையில் கிட்டத்தட்ட பாதி உணவுக் கழிவுதான் என்கிறது 2012-இல் நடந்த தேசிய ஆய்வு. வாழைப்பழத் தோலையும் தேங்காய்ச் சக்கையையும் அவ்வளவு தூரம் அனுப்பிப் புதைக்கிறோம்.

புதைத்தால் என்ன பிரச்சினை?

குப்பை மேட்டின் உள்ளே காற்று புகாது. அங்கே அழுகும் உணவிலிருந்து மீத்தேன் வாயு உருவாகிறது. 100 ஆண்டுக் கணக்கில், கரியமில வாயுவைவிட சுமார் 28 மடங்கு அதிகமாகப் பூமியைச் சூடாக்கும் வாயு இது. எளிதில் தீப்பற்றவும் செய்யும். 2020 ஜூனில் பக்கத்து ஜெலுத்தோங் கிடங்கும், 2022 ஜனவரியில் பூலாவ் பூரோங்கும் எரிந்தபோது, புகை குடியிருப்புகள் வரை வந்தது.

பினாங்கில் 2017 ஜூன் முதல் குப்பையை வீட்டிலேயே பிரிப்பது கட்டாயம். போத்தல், காகிதம், டின் எல்லாம் போக மிஞ்சும் ஈரக் கழிவை என்ன செய்வது? கம்போஸ்ட் செய்யலாம்.

எப்படிச் செய்வது?

1. மூடியுள்ள வாளியின் அடியிலும் பக்கங்களிலும் சிறு துளைகள் போடுங்கள். கீழே ஒரு தட்டு வையுங்கள். தட்டில் நீர் தேங்கினால் உடனே கொட்டிவிடுங்கள். ஏடிஸ் கொசுவுக்கு அதுவே போதும்.

2. அடியில் காய்ந்த இலை அல்லது கிழித்த அட்டைப்பெட்டியைப் பரப்பி, ஒரு கைப்பிடி தோட்ட மண் தூவுங்கள்.

3. ஒரு பங்கு சமையலறைக் கழிவு போட்டால், அதன்மேல் இரண்டு பங்கு காய்ந்ததைப் போட்டு மூடுங்கள்.

4. வாரம் இரண்டு முறை கிளறுங்கள். கையில் எடுத்தால் பிழிந்த பஞ்சு போல ஈரமாக இருக்க வேண்டும். தண்ணீர் சொட்டக் கூடாது.

நம் ஊர் வெப்பத்தில், சுமார் இரண்டு மூன்று மாதத்தில் மண் வாசனையுடன் கருப்பு உரம் கிடைக்கும்.

எதைப் போடலாம், எது வேண்டாம்?

காய்கறி, பழத் தோல், தேயிலைச் சக்கை, காப்பித்தூள், முட்டை ஓடு போடலாம். மீன், இறைச்சி, எலும்பு, எண்ணெய்ப் பண்டம், மிஞ்சிய கறி வேண்டாம். எலி வந்துவிடும். பூனை, நாய்க் கழிவும் கூடாது.

நாற்றம் வந்தால்?

பலர் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம், காற்று குறைவு என்று அர்த்தம். காய்ந்த இலையைக் கூடுதலாகப் போட்டுக் கிளறுங்கள். சில நாளில் சரியாகிவிடும்.

தரைவீட்டில் இருக்கிறீர்களா? கூட்டிய இலையைக் கொளுத்தாதீர்கள். 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி திறந்தவெளியில் எரிப்பது குற்றம். ஒரு சாக்கில் கட்டி, பிளாட்டில் இருக்கும் நண்பருக்குக் கொடுங்கள். அவர் வாளிக்குத் தேவைப்படுவது அதுதான்.