இருமைக்குப் பகை: சிங்கப்பூர் ருத்ரா குழுவின் பிற்கால இசையும் பொருநைக்கரை மரபும்

1970 பிப்ரவரியில் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரைச் சேர்ந்த பிளாக் சாபத் குழு வெளியிட்ட முதல் ஆல்பத்தையே ஹெவி மெட்டல் இசையின் தொடக்கமாக இசை வரலாற்றாசிரியர் பலர் கொள்வர். மின்கித்தாரின் ஒலியை வேண்டுமென்றே கரகரக்கச் செய்யும் 'டிஸ்டார்ஷன்' முறையும் நெஞ்சில் அறையும் முரசொலியும் இவ்விசையின் அடையாளங்கள். 1980களில் இதிலிருந்து கிளைத்த 'டெத் மெட்டல்', பாடகர் அடித்தொண்டையிலிருந்து உறுமும் குரலைத் தன் இலக்கணமாகவே ஆக்கிக்கொண்டது. மேலைநாட்டு இளைஞரின் சினத்தையும் சாவச்சத்தையும் பாடவந்த இவ்வடிவம் அத்வைத வேதாந்தத்தைச் சொல்லும் கருவியாக ஒரு தமிழ்ச் சூழலில் மாறியதே இக்கட்டுரை தொடர்ந்து காணும் வரலாறு.

அச்சூழல் சிங்கப்பூர். அங்கு குடியேறிய தமிழரில் பொருநை எனப்படும் தாமிரபரணிப் படுகையினருக்கும் தனி இடம் உண்டு. பொருநையின் துணையாறான சிற்றாறு பாயும் தென்காசி வட்டாரத்திலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் சென்ற குடும்பங்கள் தத்தம் ஊர்ப்பெயராலேயே சங்கங்கள் அமைத்துக்கொண்டதற்கு, 1941இல் தோன்றிய சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் ஒரு சான்று. இந்திய வம்சாவளியினர் மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக உள்ள அந்நகரில், மெட்டல் இசைக்கு மலாய் இளைஞரிடையே பெரும் வரவேற்பு இருந்த காலத்தில், 1992இல் ருத்ரா குழு உருவானது. பாடகரும் பேஸ் கித்தார் இசைப்பவருமான கதிரும் முரசு இசைக்கும் சிவாவும் இதன் தூண்கள். குழு இடையில் கலைந்து மீண்டும் கூடியது; கித்தார் இசைப்போர் மாறினர்; இவ்விருவர் நிலைத்தனர்.

வேதத்தில் புயலுக்கும் அழிவுக்கும் உரிய தெய்வத்தின் பெயரைத் தாங்கிய இக்குழு, 1998இல் தன் பெயரிலேயே முதல் ஆல்பத்தை வெளியிட்டது. 2001இல் வந்த 'தி ஆரியன் குரூசேட்' என்ற ஆல்பத்தின் தலைப்பு, திராவிட இயக்கம் ஆழ வேரூன்றிய தமிழ்நாட்டு வாசகரை நெருடவே செய்யும். மேலைநாட்டிலோ 'ஆரியன்' என்ற சொல்லின் மீது நாஜிகளின் கறை படிந்திருக்கிறது. 2003இல் 'குருக்ஷேத்ரா' வந்தது. போர்க்களமும் சீற்றமும் மெட்டல் இசைக்கு முன்பே பழகிய பொருள்கள் ஆதலால், இக்கட்டத்தில் குழு தேர்ந்த பெயர்களும் படிமங்களும் அவ்விசையோடு எளிதாகவே பொருந்தின எனலாம்.

உண்மையான திருப்பம் 2005இல் நேர்ந்தது. அவ்வாண்டில் தொடங்கி 2009, 2011 ஆகிய ஆண்டுகளிலும் தொடர்ந்த 'பிரம்மவித்யா' என்னும் முத்தொகுதியில், குழு போர்க்கதையை விட்டுத் தத்துவத்துக்கு வந்தது. ஆங்கில வரிகளுக்கிடையே சமஸ்கிருத சுலோகங்கள் அமைந்த இம்முறைக்கு 'வேதிக் மெட்டல்' என்ற பெயர் நிலைபெற்றது. 2013இல் வேதங்கள் கூறும் பேரண்ட ஒழுங்கைக் குறிக்கும் 'ருத' என்ற கருத்தைத் தலைப்பாக்கிய ஆல்பமும், 2016இல் எட்டாவது ஆல்பமான 'எனிமி ஆஃப் டுவாலிட்டி'யும் வந்தன.

இந்த எட்டாவது ஆல்பத்தின் தலைப்புக்கு 'இருமையின் பகைவன்' என்பது பொருள். காண்பவன் வேறு, காணப்படும் உலகு வேறு என்ற பிரிவையே மறுக்கும் அத்வைதத்தின் நிலைப்பாட்டை இதைவிடக் கூர்மையாகச் சொல்வது கடினம். இந்நிலைப்பாட்டுக்கு முதல் முறையான நூலாகக் கருதப்படுவது, ஆதிசங்கரரின் குருவுக்குக் குருவாக மரபு போற்றும் கௌடபாதர் இயற்றிய மாண்டூக்ய காரிகை. அதன் இறுதி இயல் கொள்ளிக்கட்டையை உவமையாக எடுத்துக்கொள்கிறது. இருட்டில் கொள்ளியைச் சுழற்றினால் வட்டமும் கோடும் தோன்றும்; கை நின்றதும் அவை எங்கும் போவதில்லை, ஏனெனில் அவை எங்கிருந்தும் வந்தவையல்ல; இருந்தது நெருப்பு ஒன்றே. பன்மையாகத் தோன்றும் உலகும் அத்தகையதே என்று காரிகை வாதிடுகிறது.

மௌனத்தில் முடியும் ஒரு தத்துவத்துக்கு இத்தனை பேரொலி ஏன் என்ற வினா நியாயமானது. ஆனால் அத்வைதம் மௌனத்தை அடையும் வழி மென்மையானதன்று. 'இதுவன்று, இதுவன்று' என ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே செல்லும் அவ்வழியில் அறிவின் வன்மை ஒன்று இருக்கிறது. அந்த மறுப்பின் வன்மைக்கே ருத்ரா இசை வடிவம் தந்தது என்பது இக்கட்டுரையின் துணிபு. முதல் ஆல்பங்களில் புறத்தே நின்ற பகைவன் இங்கே கேட்பவரின் அறியாமையாக உள்ளே வந்துவிடுகிறான். குழுவின் முழுவளர்ச்சியும் இந்த இடப்பெயர்ச்சியில் அடங்கியிருக்கிறது.

உறுமல் குரலில் சொற்கள் தெளிவாகக் கேட்பதில்லை. பாடல்வரிகளைக் கையில் வைத்துக்கொண்டே பொருளைப் பின்தொடர வேண்டியிருக்கிறது. பொருநைக்கரை மக்களுக்கு இந்த ஏற்பாடு முற்றிலும் அந்நியமானதன்று. ஆழ்வார்திருநகரியில் மார்கழித் திருநாளில் நிகழும் அரையர் சேவையில், கூம்புவடிவக் குல்லாய் அணிந்த அரையர் தாளம் ஒலித்துப் பாசுரத்தைப் பாடி, அபிநயம் பிடித்து, பின் அதற்கு வியாக்கியானமும் சொல்கிறார். தத்துவம் அங்கே இசையாகவும் உரையாகவும் சேர்ந்தே வருகிறது. நம்மாழ்வாரின் மண்ணான ஆழ்வார்திருநகரி விசிஷ்டாத்வைதத்துக்கும், குமரகுருபரரின் ஸ்ரீவைகுண்டம் சைவ சித்தாந்தத்துக்கும் உரியவை என்பதால் கொள்கை வேறுபட்டாலும், முறை ஒப்புநோக்கத் தக்கது.

சீற்றத்தின் பக்கத்தில் இதே வட்டாரத்தின் கணியான் கூத்து நிற்கிறது. சுடலைமாடன் கோயில் கொடைகளில் அண்ணாவி கதைபாட, உச்ச மகுடம், மந்த மகுடம் என்னும் இரு பறைகள் முழங்கும். தோலை நெருப்பில் காய்ச்சி விறைப்பேற்றிய மகுடத்தின் அதிர்வும், சாமத்தில் கணியான் தன் கையைக் கீறிக் குருதி படைக்கும் கைவெட்டும், அச்சமும் வழிபாடும் ஒன்றே என்ற உணர்வை அவையில் உண்டாக்குகின்றன. கணியானின் முழக்கம் சாமியை ஆடுபவர் உடலில் இறக்குகிறது. ருத்ராவின் முழக்கம் உடலே நீயல்லை என்று வாதிடுகிறது. திசை எதிரானது என்றாலும் பேரொலியைப் புனிதத்துக்கு ஆக்கும் துணிவு பொதுவானது.

ருத்ராவின் ஆக்கங்களில் தமிழுக்குக் கிடைத்த இடம் சிறிது என்பது வருத்தத்துக்குரிய குறை. தாயுமானவர் பாடல்களும் கைவல்ய நவநீதமும் ஒருமைக் கொள்கையை நல்ல தமிழில் பாடிவைத்திருக்க, தமிழர் நடத்தும் குழு ஆங்கிலத்தையும் சமஸ்கிருதத்தையுமே பெரிதும் நாடியது. உலகெங்கும் உள்ள மெட்டல் ரசிகரை எட்டும் தேவை இதற்குக் காரணமாகலாம். அது குறையை விளக்குமே தவிர நீக்காது.

சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் யூஜின் தைரியநாதன் இக்குழுவையும் தென்னிந்தியச் சமூகத்தின் அடையாளத்தையும் இணைத்து ஆய்ந்து எழுதியிருக்கிறார். 2022இல் ருத்ராவின் ஒன்பதாவது ஆல்பமும் வந்துவிட்டது. கணியான் கூத்தையும் வில்லுப்பாட்டையும் பதிவு செய்யும் நெல்லை, பாளையங்கோட்டை ஆய்வாளர்கள் கடல்கடந்த இத்தமிழ்க் குழுவின் இசையையும் தம் ஆய்வெல்லைக்குள் கொண்டுவர வேண்டும்.