காலநிலை உடன்படிக்கைகளும் கண்டி மலைநாடும்

உடன்படிக்கை என்னும் சொல் கண்டி மாநகர மக்களுக்குப் புதியதன்று. 1815ஆம் ஆண்டு மார்ச் மாதம் 2ஆந் திகதி, அரண்மனையின் மகுல் மடுவத்திலே ஆங்கிலேயரும் மலைநாட்டுப் பிரதானிகளும் செய்துகொண்ட உடன்படிக்கை இந்நாட்டின் விதியையே மாற்றியது. பிரதானிகளுக்கு அன்று அளிக்கப்பெற்ற உரிமைகள் பல 1818இலேயே குறைக்கப்பட்டன. எழுத்தில் உள்ளது வேறு, நிறைவேறுவது வேறு என்னும் பாடத்தை இம்மண் அப்போதே கற்றது. அப்பாடத்தை மனத்திற் கொண்டு, நம் காலத்து உடன்படிக்கை ஒன்றின் வரலாற்றை ஈண்டு நோக்குவோம்.

நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் எழும் காபனீரொட்சைட்டு முதலிய வாயுக்கள், பூமிக்குப் போர்வைபோல் அமைந்து வெப்பத்தை வெளியேறவிடாது தடுக்கின்றன. இவற்றையே பச்சைவீட்டு வாயுக்கள் என்பர். இவற்றைக் கட்டுப்படுத்தும் நோக்குடன் 1992இல் பிறேசில் நாட்டு றியோ டி ஜெனீறோ நகரிலே உலக நாடுகள் ஒரு சமவாயத்திற் கைச்சாத்திட்டன. இலங்கையும் அவ்வாண்டே ஒப்பமிட்டு, 1993 நவெம்பரில் அதனை உறுதிசெய்தது. பொறுப்பு எல்லார்க்கும் பொது. சுமையோ அவரவர் பங்குக்கும் ஆற்றலுக்கும் ஏற்ப வேறு. இதுவே அச்சமவாயத்தின் உயிர்நாடி. நெடுங்காலம் புகை கக்கிச் செல்வம் சேர்த்த நாடுகளே முதலில் குறைத்தல் வேண்டும் என்பது இதன் பொருள்.

1997 டிசெம்பரில் யப்பானின் கியோட்டோ நகரிலே இக்கொள்கைக்கு எண் வடிவம் கிடைத்தது. 2008 முதல் 2012 வரையுள்ள காலத்தில், தம் வாயு வெளியேற்றத்தை 1990ஆம் ஆண்டின் அளவினின்றும் சராசரியாக ஏறத்தாழ 5 வீதம் குறைக்கச் செல்வ நாடுகள் உடன்பட்டன. 2001இல் அமெரிக்கா ஒதுங்கிக்கொண்டது. 2005 பெப்ரவரியிலேதான் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது.

இவ்வுடன்படிக்கை நம் அயலுக்கே வந்த கதையைப் பலர் அறியார். வறிய நாடொன்றிற் புகையற்ற மின்சாரம் பிறந்தால், அதனாற் குறைந்த வாயுவைச் செல்வ நாடுகள் விலைகொடுத்து வாங்கித் தம் கணக்கிற் சேர்த்துக்கொள்ள அதில் இடமிருந்தது. 2005இல் இலங்கையிலிருந்து முதன்முதலாகப் பதிவான திட்டங்களுள், பன்விலைப் பக்கம் ஓடும் ஹுலு கங்கையின் சிறு நீர்மின் திட்டமும் ஒன்று. நக்கிள்ஸ் மலையின் நீர் உலகக் கணக்கேட்டில் இவ்வாறு வரவாயிற்று.

2015 டிசெம்பரில் பாரிஸ் நகரில் வேறொரு முறை வகுக்கப்பட்டது. வெப்ப உயர்வை 2 பாகைக்கு நன்கு கீழே நிறுத்துவது, 1.5 பாகைக்குள் அடக்க முயல்வது என்பன இலக்குகள். தன் பங்கு எவ்வளவு என்பதை ஒவ்வொரு நாடும் தானே கூறும். தவறினாற் தண்டம் இல்லை. 2030 வரையான பத்தாண்டில், வழமைப்படி எழக்கூடிய வாயுவில் 4 வீதத்தைத் தன் முயற்சியாலும், பிறநாட்டு உதவி கிடைப்பின் மேலும் 10.5 வீதத்தையும் குறைப்பதாக 2021இல் இலங்கை உறுதி கூறியது.

வரவைக் கண்டோம், செலவையும் காண்போம். முப்பதாவது மாநாடு பிறேசிலின் பெலேம் நகரில் 2025 நவெம்பர் 22இல் நிறைவெய்தியது. நிலக்கரியையும் எண்ணெயையும் கைவிடுவதற்கான வழித்திட்டம் அதன் தீர்மானத்தில் இடம்பெறவில்லை. ஆறு நாட்கள் கழிய, டித்வா சூறாவளி இலங்கையைத் தாக்கியது. 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாவட்டங்களுள் கண்டியே அதிக உயிர்களை இழந்தது. ஒரு புயலுக்கு ஒரு காரணமே உண்டு என்று கூறல் தகாது. சரிவிலே வெட்டிய நிலமும், அடைபட்ட வடிகாலும் குற்றத்திற் பங்குடையன. எனினும், வெப்பம் ஒரு பாகை உயர்ந்தாற் காற்று ஏறத்தாழ 7 வீதம் அதிக நீராவியைத் தாங்கும் என்பது பௌதிக விதி. அந்நீரே பெருமழையாய் இறங்கி மலையைக் கரைக்கிறது.

இளைஞர்காள்! இழப்புக்கும் சேதத்துக்கும் ஈடாக நிதியம் ஒன்று அமைக்க 2022இல் எகிப்து மாநாட்டில் நாடுகள் இணங்கின. அதை நாம் கேட்பது பிச்சையன்று; றியோவில் ஒப்புக்கொண்ட கடன். அது வந்து சேரும்போது, மலைச்சரிவின் லயங்களிலே உறங்கும் தோட்டக் குடும்பங்களுக்குப் பத்திரமான நிலமாக மாறுகின்றதா என்று பார்ப்பது நம் கடன். 1815இன் பிரதானிகளுக்குக் கணக்குக் கேட்க வழியிருக்கவில்லை. நமக்கு உண்டு. கேட்போமாக; கேட்பதோடு நில்லாது, நம் அயலிலுள்ள காட்டையும் ஓடையையும் காப்போமாக.