உபசம்பதா: யார் தருவது, யாருக்கு?

பௌத்தத்தில் பூசாரி கிடையாது என்று நம்மாட்கள் மேடைக்கு மேடை சொல்வதுண்டு. கோட்பாட்டளவில் சரிதான். புத்தர் தமக்கென்று வாரிசு யாரையும் நியமிக்கவில்லை. ஆனால் அதிகாரம் பூணூலில் மட்டுமா குடியிருக்கும்?

விநயத்தின் கணக்கு எளிமையானது. ஒருவர் உபசம்பதா பெற்று முழுப் பிக்குவாக, மத்திய தேசத்தில் பத்துப் பிக்குகள் கூட வேண்டும்; எல்லை நாடுகளில் ஐந்து பேர் போதும். தனிமனிதரிடம் இல்லாமல் கூட்டத்திடம் அதிகாரத்தை வைக்கிற ஏற்பாடு. சரி, சங்கிலி அறுந்தால்? 18ஆம் நூற்றாண்டின் நடுவில் இலங்கையில் உபசம்பதா பெற்ற பிக்கு ஒருவர்கூட மிஞ்சவில்லை. 1753இல், மதுரை நாயக்கர் வழிவந்த கண்டி மன்னன் கீர்த்தி சிறீ ராஜசிங்கன் காலத்தில், சயாமிலிருந்து ஒல்லாந்தர் கப்பலில் உபாலி தேரர் குழு வந்திறங்கியது. சயாம் நிகாயம் பிறந்தது.

பத்துப் பன்னிரண்டு வருஷம்தான். 1764 வாக்கில் உபசம்பதா கொவிகம சாதிக்கு மட்டும் என்றாகிவிட்டது. இதை வெறும் சாதிப் புத்தி என்று தள்ளிவிட முடியாது. விகாரைகளுக்கு மானிய நிலம் இருந்தது. அது குருவிடமிருந்து சீடனுக்குப் போனது. வேறு சாதிக்காரன் சீடனானால் நிலமும் கூடவே போகும். விஷயம் அங்கேதான் இருக்கு.

கரையோரத்தில் கறுவாப்பட்டை உரித்துவந்த சலாகமர் சும்மா இருந்துவிடவில்லை. 1799இல் ஞானவிமல திஸ்ஸ தலைமையில் ஒரு குழு பர்மாவுக்குக் கப்பலேறி, அமரபுரத்தில் உபசம்பதா பெற்றது. 1803இல் பர்மியப் பிக்குகளோடு திரும்பி, பலப்பிட்டியில் மாது ஆற்றின்மேல் மேடை கட்டி மற்றவர்களுக்கும் அளித்தது. நிலத்தில் வரைந்த சீமை இல்லாமலே நீர்மேல் சடங்கு செல்லும் என்கிறது விநயம். கண்டியின் தயவு தேவைப்படவில்லை. எந்த விதியைக் காட்டிக் கதவடைத்தார்களோ அதே விதிக்குள் புகுந்து வெளியே வந்த வழி அது. ஆனால் அமரபுர நிகாயமும் பிற்பாடு சலாகம, கராவ, துராவ என்று சாதிவாரியாகவே பிரிந்தது. அதாவது கதவு திறந்தது, காவல் போகவில்லை.

இந்த இடத்தில் வைத்துத்தான் நாகபுரியைப் படிக்க வேண்டும். 1956 அக்டோபர் 14 அன்று அம்பேத்கர் பர்மியப் பிக்கு உ சந்திரமணியிடம் சரணம் பெற்றார். அடுத்து, துவராடை உடுத்தாத அவரே எழுந்து நின்று லட்சக்கணக்கானோருக்குச் சரணமும் சீலமும் 22 உறுதிமொழிகளும் சொல்லிக்கொடுத்தார். முதல் பாதி சங்கத்தை மதித்தது. இரண்டாம் பாதி, வாசலில் காத்து நிற்க வேண்டியதில்லை என்றது. அவர் பெயரைச் சொல்லும் நம் அமைப்புகளில் இன்று வாசலில் நிற்பது யார், உள்ளே விடுவது யார் என்பதையும் சேர்த்தே கேட்கணும்.