பாலத்துக்குப் பிறகு பிறந்த சட்டம்

மலேசியாவின் பினாங்குத் தீவுக்கு முதல் பாலத்தைக் கட்டிய கொரியாவின் ஹூண்டாய் நிறுவனம், வெளிநாட்டில் எடுத்த முதல் வேலையிலேயே கையைச் சுட்டுக்கொண்டது. 1965இல் தென் தாய்லாந்தில் பட்டாணிக்கும் நராத்திவாத்துக்கும் இடையே சாலை போடும் வேலை அது. மழை விடவில்லை. நனைந்த மணலும் ஜல்லியும் தாரோடு ஒட்டவில்லை. இரும்புத் தகடுகளில் ஜல்லியைக் கொட்டி, அடியில் தீ மூட்டி, வறுத்துக் காயவைத்துத் தாரில் கலந்தார்கள். சாலை முடிந்தது, நிறுவனத்துக்குப் பெரும் நட்டம். வானம் பொழிந்ததற்கு யாரும் பொறுப்பில்லை. ஆனால் அந்த மழையால் ஆகும் செலவு யார் தலையில் விழும் என்பதை ஒப்பந்தம் முன்கூட்டியே முடிவு செய்திருக்கும். அயல் மண்ணில் வேலை எடுக்கும் குத்தகையாளர் முதலில் படிக்க வேண்டிய பக்கம் அதுதான்.

பட்டாணியிலிருந்து பினாங்கு அதிக தூரமில்லை. அதே நிறுவனம் 1982இல் பினாங்கு நீரிணையில் தூண் இறக்கத் தொடங்கியது. மொத்தம் 13.5 கிலோமீட்டர் நீளம், அதில் 8.4 கிலோமீட்டர் கடலுக்கு மேல். அதுவரை தீவிலிருந்து பெருநிலத்துக்கு வண்டியோடு போக ஃபெர்ரியை விட்டால் வழியில்லை. 1985 செப்டம்பர் 14 அன்று பிரதமர் மகாதீர் பாலத்தைத் திறந்துவைத்தார்.

இப்படிப்பட்ட வேலையில் கட்டுபவர் கொரியர், கட்டச் சொன்னவர் மலேசிய அரசு, ஆலோசனை சொன்னவர்களில் அமெரிக்கப் பொறியாளர்களும் உண்டு. கடலடிச் சேறு எதிர்பார்த்ததைவிட ஆழமாக இருந்து தகராறு வந்தால் எந்த ஊர் நீதிமன்றத்துக்குப் போவது? உள்ளூர் நீதிமன்றம் தனக்குப் பாதகமாகப் பேசுமோ என்று வந்தவர் அஞ்சுவார். சியோல் வரை போய் வழக்காட அரசு சம்மதிக்காது. அதனால்தான் பெரிய கட்டுமான ஒப்பந்தங்களில் நடுவர் தீர்ப்புக்கு ஒரு பிரிவு இருக்கும். எந்த நாட்டுச் சட்டம், எந்த ஊரில் அமர்வு, எந்த மொழி, எத்தனை நடுவர் என்று அதில் எழுதிவிடுவார்கள். நடுவர் தந்த தீர்ப்பை இன்னொரு நாட்டிலும் செல்லுபடியாக்குவது 1958ஆம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கை. கொரியா அதில் 1973இலேயே சேர்ந்துவிட்டது. மலேசியா சேர்ந்தது 1985 நவம்பரில், பாலம் திறந்து இரண்டு மாதம்கூட ஆகாத நேரம். ஒன்றால் மற்றொன்று வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அயல் முதலீடும் அயல் குத்தகையாளரும் வேண்டும் என்று நாடு விரும்பிய காலத்தில்தான் இரண்டும் நடந்தன.

அயலார் வழக்கு பினாங்குக்குப் புதிதல்ல. 1786இல் கிழக்கிந்தியக் கம்பெனி தீவில் குடியேறியபின் இருபது ஆண்டுகளுக்கு மேல் இங்கே முறையான நீதிமன்றமே இல்லை. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா வணிகருக்கும் ஆங்கிலேய வணிகருக்கும் கடன் தகராறு வந்தால் கம்பெனி அதிகாரி சொன்னதுதான் தீர்ப்பு. 1807இல் அரச சாசனம் கிடைத்து, 1808இல் நீதிமன்றம் திறந்தது. இன்றைய மலேசிய ஒப்பந்தச் சட்டமும் நமக்கு அந்நியமில்லை. 1950ஆம் ஆண்டின் அந்தச் சட்டம், 1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டது. சென்னையில் படித்த வழக்கறிஞர் அதைப் புரட்டினால் பல பிரிவுகள் பழகிய முகங்களாக இருக்கும்.

மற்ற நடைமுறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1994இல் வந்த சட்டத்தின்படி, அயல் நிறுவனம் மலேசியாவில் கட்டுமான வேலை செய்ய வேண்டுமானால் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் பதிய வேண்டும். அந்தப் பதிவு அந்தந்தத் திட்டத்துக்கு மட்டும்தான். நாட்டில் நிலையாக இல்லாத குத்தகையாளருக்குத் தரும் பணத்தில், சேவைக்கான பங்கிலிருந்து 10 சதவீதமும் அவருடைய ஊழியர்களின் வரிக்காக 3 சதவீதமும் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். சிரம்பான்–கிம்மாஸ் இரட்டை ரயில் பாதை போட வந்த இந்திய அரசின் இர்கான் போன்ற நிறுவனங்கள் விலை சொல்வதற்கு முன்பே இதையெல்லாம் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஆனால் இந்தப் பாதுகாப்பெல்லாம் மேல்தட்டில் இருப்பவருக்கு. தலைமைக் குத்தகையாளருக்குக் கீழே துணைக் குத்தகையாளர், அவருக்குக் கீழே இன்னொருவர், அவருக்குக் கீழே கம்பி கட்டுபவர். 'எனக்குப் பணம் வந்தால்தான் உனக்குப் பணம்' என்ற ஒரு வரி ஒப்பந்தத்தில் இருந்தால், மேலே எங்கோ நடக்கும் தகராறு கீழே இருப்பவரின் அடுப்பை அணைத்துவிடும். வேலையை ஒழுங்காக முடித்துக் கொடுத்தவர், தான் பார்த்தே இராத ஒருவரின் கடனுக்குக் காத்திருக்க வேண்டும். நீதிமன்றமோ நடுவரோ தீர்ப்புச் சொல்ல ஆண்டுக்கணக்காகும். அதற்குள் சிறிய குத்தகையாளர் கடையைக் கட்டிவிடுவார்.

பிரிட்டன் 1996இலும் சிங்கப்பூர் 2004இலும் இதற்குத் தனிச் சட்டம் கொண்டுவந்தன. மலேசியாவில் கட்டுமானப் பணப்பட்டுவாடா, உடனடித் தீர்ப்புச் சட்டம் 2012இல் நிறைவேறியது. இதற்கிடையில் பினாங்கில் இரண்டாவது பாலம் எழும்பிக்கொண்டிருந்தது. சீனத்து சைனா ஹார்பர் நிறுவனமும் மலேசிய யூஇஎம்மும் சேர்ந்து, சீன ஏற்றுமதி-இறக்குமதி வங்கிக் கடனில், பத்து காவானிலிருந்து பத்து மாவுங் வரை கட்டின. மொத்தம் 24 கிலோமீட்டர், கடலுக்கு மேல் 16.9. 2013 ஜூன் 6 அன்று பத்து மாவுங்கில் கட்டிமுடியாத இணைப்பு மேம்பாலம் சாலையில் சரிந்து, காரில் போன ஒருவர் இறந்தார். 2014 மார்ச் 1 அன்று பாலம் திறந்தது. ஆறு வாரம் கழித்து, ஏப்ரல் 15 அன்று, அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

இதன்படி பணம் கேட்டு எழுத்தில் கோரிக்கை கொடுத்தால், 10 வேலை நாளுக்குள் மறுமொழி தர வேண்டும். விவகாரம் தீர்ப்பாளரிடம் போனால், இரு தரப்பு ஆவணங்களும் வந்தபின் 45 வேலை நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். 'வந்தால்தான் தருவேன்' என்ற பிரிவு செல்லாது. தீர்ப்புக்குப் பிறகும் பணம் வராவிட்டால் வேலையை நிறுத்தலாம், மேலே இருப்பவரிடம் நேரடியாகவும் கேட்கலாம். வேலை மலேசிய மண்ணில் நடந்தால் போதும், குத்தகையாளர் எந்த நாட்டவர் என்பது பொருட்டில்லை. பெரியவருக்கு 1985இல் நியூயார்க் உடன்படிக்கையால் கிடைத்த உறுதி சிறியவருக்கு வந்து சேர 29 ஆண்டு ஆயிற்று. அதுவும் எல்லோருக்கும் இல்லை: சட்டம் நடைமுறைக்கு வருமுன் போட்ட ஒப்பந்தங்களுக்கு அது பொருந்தாது என்று கூட்டரசு நீதிமன்றம் 2019இல் தீர்த்துவிட்டது.

கம்பி கட்டுபவரின் சம்பளத்துக்கு இந்தச் சட்டமும் உதவாது. ஆனால் அவருக்காக ஒரு பழைய பிரிவு இருக்கிறது: 1955ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டம், பிரிவு 33. துணைக் குத்தகையாளர் சம்பளம் தராமல் போனால், தொடர்ச்சியான மூன்று மாதச் சம்பளம் வரை தலைமைக் குத்தகையாளரிடமே கேட்கலாம். சம்பளம் சேர வேண்டிய நாளிலிருந்து 90 நாளுக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்குப் புறப்படுகிறவர் கையில் கொடுக்கும் ஒப்பந்தத்தில் இந்தப் பிரிவைத் தமிழில் அச்சிட்டுத் தர வேண்டும், விமானம் ஏறுவதற்கு முன்பே.