பாலைநிலத்தில் நாற்பது ஆண்டுகள்: பிழைத்தது எப்படி?



பொன்விழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டார்கள். நம் பங்கின் வரலாற்றைப் பெரியவர்கள் இம்மலரின் மற்றப் பக்கங்களில் எழுதியிருக்கிறார்கள். நாம் இங்கு எழுதுவது, மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுவன் கேட்ட கேள்விக்கு விடை. "சாமி, பாலைநிலத்தில் கடை இல்லை, கிணறு இல்லை. நாற்பது வருஷம் அவ்வளவு பேரும் என்ன சாப்பிட்டார்கள்? துணிமணிக்கு என்ன செய்தார்கள்?" என்றான். மன்னா என்று ஒரே சொல்லில் பதில் கூறி அன்று வகுப்பை முடித்துவிட்டோம். ஆனால் அந்தச் சிறுவன் கேட்ட கேள்வியை யூத மக்களின் அறிஞர்கள் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தங்களுக்குள் கேட்டு, வாதிட்டு, எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்கள் கண்ட விடைகள் நமக்கும் பயன்படும்.

மன்னாவும் மந்தையும்

முன்னாளில் யாத்திராகமம் என்று நாம் அழைத்த விடுதலைப் பயண நூலில், ஆண்கள் மட்டும் ஆறு இலட்சம் பேர் எகிப்தை விட்டுப் புறப்பட்டார்கள் என்று படிக்கிறோம். அவர்களோடு வேற்றினத்தார் பலரும், ஆடுமாடுகளும் சென்றன. காலைப்பனி உலர்ந்த பின் தரையில் கிடந்த மன்னாவை ஆளுக்கு ஓர் ஓமேர், அதாவது ஏறக்குறைய இரண்டு லிட்டர் அளவு, எடுத்துக்கொள்ளலாம். அதிகம் வாரியவனும் கொஞ்சம் எடுத்தவனும் கூடாரத்தில் வந்து அளந்தபோது அளவு சரியாகவே இருந்தது. மறுநாளுக்கென்று ஒளித்து வைத்தது புழுத்துப்போயிற்று. ஓய்வுநாளுக்கு முந்திய நாளில் மட்டும் இரு மடங்கு கிடைத்தது. அதையும் திரிகையில் அரைத்து, உரலில் இடித்து, சட்டியில் வேகவைத்தே உண்டார்கள் என்கிறது எண்ணாகமம்.

மன்னா ஒன்றையே நம்பி அவர்கள் வாழவில்லை என்பதையும் யூத அறிஞர்கள் கவனித்தார்கள். ஏசாவின் மக்களிடம் உணவையும் நீரையும் பணம் கொடுத்து வாங்குங்கள் என்று இணைச்சட்ட நூலில் இறைவனே கட்டளையிடுகிறார். வேற்றின வணிகர் கொண்டுவந்து விற்ற பொருள்களையும் இஸ்ரயேலர் உண்டார்கள் என்று தால்மூது கூறுகிறது. ஏறக்குறைய ஆறாம் நூற்றாண்டில் தொகுத்து முடிக்கப்பெற்ற யூதரின் பெரும் விளக்க நூல் அது. ஆக, வானத்துக் கொடை, சொந்த மந்தை, அக்கம்பக்கத்துச் சந்தை ஆகிய மூன்றுக்கும் அவர்கள் விளக்கத்தில் இடம் இருந்தது.

மூன்று நல்ல தலைவர்கள்

மூன்று தலைவர்களை முன்னிட்டு மூன்று கொடைகள் வந்தன என்பதும் தால்மூதின் கருத்து. மோசேக்காக மன்னா, ஆரோனுக்காக மேகத்தூண், மிரியாமுக்காக நீரூற்று. மிரியாம் இறந்த செய்தியை அடுத்து மக்களுக்குத் தண்ணீர் இல்லை என்ற செய்தி எண்ணாகமத்தில் வருவதைக் கண்டே இவ்வாறு விளக்கினார்கள். அந்த ஊற்று ஒரு பாறை வடிவில் மக்களோடு பாளையம்தோறும் உருண்டு வந்ததாம். புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் பின்தொடர்ந்து வந்த பாறையைப் பற்றிப் பேசி, அந்தப் பாறை கிறிஸ்துவே என்கிறார். அவர் யூத ஆசிரியர்களிடம் பயின்றவர் என்பதை இங்கே நினைவுகொள்ள வேண்டும்.

மேகத்தை அவர்கள் மகிமை மேகம் என்றார்கள். பழவேற்காட்டு மகிமை மாதாவை அறிந்த நமக்கு அந்தச் சொல் அந்நியமன்று. சிறுவன் கேட்ட துணிமணிக் கேள்விக்கும் மேகமே விடை. மேகங்கள் மக்களின் உடைகளைத் துவைத்துத் தேய்த்தன, பிள்ளைகள் வளர வளர, நத்தையோடு அதன் ஓடு வளர்வதைப் போல், உடையும் வளர்ந்தது என்று பிரான்சு நாட்டில் வாழ்ந்த இராஷி (1040–1105) எழுதினார். ஸ்பெயின் நாட்டு இபின் எஸ்ரா பன்னிரண்டாம் நூற்றாண்டில் வேறு விளக்கங்களைத் தந்தார். எகிப்திலிருந்தே நிறைய உடைகளைக் கொண்டுவந்திருக்கலாம், மன்னா உண்டவர்களுக்கு வியர்வை இல்லாததால் துணி இற்றுப்போகாமலும் இருந்திருக்கலாம் என்றார். ஒரே வேதத்தை ஒரே பக்தியோடு படித்தும் இருவரும் இரண்டு வழியில் சிந்தித்தார்கள்.

ஐயமும் ஆராய்ச்சியும்

ஐயப்பட்டவர்களும் இருந்தார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் இன்றைய ஆப்கானிஸ்தானிலுள்ள பல்க் நகரத்தாரான ஹிவி என்ற யூதர், மன்னா என்பது பாரசீக நாட்டுச் செடியில் இயற்கையாகப் படியும் தரஞ்சபீன்தான் என்றார். யுனானி மருத்துவத்தில் இன்றும் பயன்படும் இனிப்புப் பொருள் அது. அப்படியானால் அது எல்லா மாதங்களிலும் கிடைத்தது எப்படி, வாரத்தில் ஒருநாள் இரு மடங்கானது எப்படி என்று இபின் எஸ்ரா திருப்பிக் கேட்டார். யூதரின் பெரிய தத்துவ அறிஞரும் கெய்ரோவில் மருத்துவராயிருந்தவருமான மைமோனிதஸ் (1138–1204) மேலும் ஒன்று கூறினார். மக்கள் தங்கிய பாளையங்களின் பெயர்களை வேதம் ஏன் வரிசையாகப் பட்டியலிடுகிறது? விளைநிலத்தை ஒட்டிய இடத்தில் வசதியாகத் தங்கியிருப்பார்கள் என்று பிற்காலத்தார் எண்ணிவிடக்கூடாது என்பதற்காகவே என்றார்.

1927-ல் எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போடன்ஹைமர் என்ற பூச்சியியல் அறிஞர் சீனாய்ப் பகுதிக்கே சென்று ஆராய்ந்தார். அங்கே தமரிஸ்க் என்னும் செடியின் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சிகள் இனிப்பான துளிகளை வெளியிடுகின்றன என்றும், அவை உறைந்து தரையில் விழுகின்றன என்றும் விளக்கினார். ஒரு பெரும் கூட்டத்தை நாற்பது ஆண்டுகள் அது எப்படிக் காத்திருக்கும் என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

ஏன் நாள்தோறும்?

இவை எல்லாவற்றிலும் நம் உள்ளத்தைத் தொட்டது இரண்டாம் நூற்றாண்டு ஆசிரியர் சிமியோன் பார் யோக்காய் கூறிய விடை. ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாக மன்னா பொழிந்திருக்கக் கூடாதா என்று சீடர்கள் கேட்டார்கள். அவர் ஒரு கதை சொன்னார். ஓர் அரசன் தன் மகனுக்கு ஆண்டுச் செலவை மொத்தமாகக் கொடுத்தான். மகன் ஆண்டுக்கு ஒருநாள்தான் தந்தையைப் பார்க்க வந்தான். பிறகு தினச்செலவாக மாற்றினான். மகன் தினமும் வந்தான். நாலைந்து பிள்ளைகள் உள்ள தகப்பன், நாளைக்கு மன்னா வராவிட்டால் பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்று ஒவ்வோர் இரவும் வானகத் தந்தையை நோக்கினான். கர்த்தர் கற்பித்த செபத்தில் அன்றாட உணவைக் கேட்கிறோமே, அதன் பொருள் இதில் அடங்கியிருக்கிறது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் திருவள்ளூர் காக்களூர் தொழிற்பேட்டையிலும் காண்டிராக்ட் வேலை செய்யும் நம் சகோதரருக்கு இந்தத் தகப்பனைப் பற்றி விளக்கம் தேவையில்லை. நாளைக்கு ஷிப்டு உண்டா என்று மேஸ்திரியின் போனுக்காகக் காத்திருப்பவர்கள் அவர்கள்.

கொச்சியிலிருந்து பாலைநிலத்துக்கு

நம் அண்டை நாடாகிய கேரளத்தில் வாழ்ந்த யூதர்களின் வரலாறு இதற்கு ஓர் உயிருள்ள விளக்கம். ஏறக்குறைய கி.பி. 1000-ல் பாஸ்கர இரவி என்ற சேர மன்னன் யோசேப்பு இரப்பான் என்னும் யூதத் தலைவருக்கு உரிமைகள் வழங்கிய செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது. 1568-ல் எழுந்த கொச்சி பரதேசி செபக்கூடத்தின் 400-ஆம் ஆண்டு விழாவில், 1968-ல், பிரதமர் இந்திரா காந்தி கலந்துகொண்டார். பாலைநிலப் பயணத்தின் நினைவாக யூதர் கொண்டாடும் கூடாரப் பெருவிழாவில் இம்மக்கள் தென்னங்கீற்று வேய்ந்த பந்தலில் அமர்ந்து உண்டார்கள்.

1948-ல் இஸ்ரயேல் நாடு உருவானபோது இவர்கள் சுமார் 2,500 பேர். புறப்பட விரும்பியும், யானைக்கால் நோயைப் பரப்பிவிடுவார்கள் என்று அங்குள்ள சுகாதார அதிகாரிகள் அஞ்சியதால் பலருடைய பயணம் தாமதமாயிற்று. கப்பலும் விமானமும் ஏறிச் சென்றபின், பலர் எல்லையோரங்களிலும் வறண்ட பகுதிகளிலும் குடியேற்றப்பட்டார்கள். ஒரு கூட்டத்தார் 1954-ல் நெகேவ் பாலைநிலத்தில் நெவாத்திம் என்ற ஊரில் குடியேறினார்கள். பெரியாற்றங்கரையில் தென்னையும் மிளகும் பார்த்து வளர்ந்தவர்கள், முன்னோர் அலைந்து திரிந்த அதே வறண்ட பகுதியில் மண்வெட்டி பிடித்தார்கள். இம்முறை மன்னா விழவில்லை. குழாயில் வந்த நீரும் கூட்டுறவு உழைப்புமே சோறு போட்டன. சேந்தமங்கலத்திலிருந்து 1955-ல் சென்ற எலியாகு பெசலேல், ஆடு மேய்க்கத் தொடங்கி, பின்பு பசுமைக்குடில்களில் மலர் வளர்த்து வெளிநாடுகளுக்கு அனுப்பும் அளவுக்கு உயர்ந்தார். இந்திய அரசும் அவருக்கு விருது வழங்கியது. நெவாத்திமில் இன்று கொச்சி யூதரின் அருங்காட்சியகமும், கேரள முறையில் அமைந்த செபக்கூடமும் இருக்கின்றன.

நம் பாலைநிலம்

2020 மார்ச் 25-ல் ஊரடங்கு தொடங்கியதும், எலாவூர், ஆரம்பாக்கம் வழியாகக் கல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கு நோக்கி நடந்தவர்களை நாம் பார்த்தோம். தோளில் பிள்ளை, தலையில் மூட்டை. அப்போது நம் பங்கில் அரிசியும் பருப்பும் வழங்கினோம். ஒரு உண்மையை இங்கே மறைக்காமல் எழுத வேண்டும். முதல் இரண்டு நாள்கள் பங்குப் பதிவேட்டில் பெயர் உள்ள குடும்பங்களுக்கு மட்டுமே கொடுத்தோம். ஒடிசாவிலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் வந்து, ஞாயிறு திருப்பலியில் கடைசி வரிசையில் நின்ற இளைஞர்கள் வாயிற்கதவருகே காத்திருந்து திரும்பிப் போனார்கள். பட்டியலை அப்படித் தயாரிக்கச் சொன்னது நாம்தான். எகிப்திலிருந்து இஸ்ரயேலரோடு புறப்பட்ட வேற்றினத்தாருக்கு மன்னா மறுக்கப்பட்டதாக விடுதலைப் பயண நூலில் எங்கும் எழுதவில்லை. இதைப் பலமுறை படித்திருந்தும் மூன்றாம் நாள்தான் நமக்கு உறைத்தது. அதன்பின் பட்டியலை எடுத்து வைத்துவிட்டோம்.

மற்றொன்றையும் கண்டோம். தொடக்கத்தில் வந்தவர்கள் அச்சத்தால் இரண்டு பை, மூன்று பை கேட்டார்கள். நாளையும் கிடைக்கும் என்ற நம்பிக்கை வந்த பிறகு, தங்களுக்கு வேண்டிய அளவே எடுத்துக்கொண்டார்கள். மன்னாவின் பாடம் இதுவே என்று நினைத்துக்கொண்டோம்.

அந்தப் பாடத்தை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு மீஞ்சூரைப் பார்த்தால் போதும். பல ஆண்டுகளாக அளவின்றி நிலத்தடி நீரை இறைத்ததால் கடல்நீர் உட்புகுந்து அங்கே கிணறுகள் உப்பாயின. 2010-ல் காட்டுப்பள்ளியில் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு பத்துக் கோடி லிட்டர் குடிநீர் தயாரிக்கும் ஆலை வந்தது. ஓமேருக்கு மேல் வாரியவர்களுக்கு நேர்ந்ததே நமக்கும் நேர்ந்தது.

இறுதியாக ஒன்று. யோர்தானைக் கடந்து, கில்காலில் பாஸ்கா கொண்டாடி, நாட்டின் விளைச்சலை உண்ட மறுநாளே மன்னா நின்றது என்று யோசுவா நூல் கூறுகிறது. பெற்று உண்ட காலம் முடிந்து, விளைவித்துப் பகிரும் காலம் தொடங்கியது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பல ஊர்களிலிருந்து பிழைக்க வந்த நம் பெற்றோரை இறைவன் அன்றாடம் காத்தார். இன்று நமக்குச் சொந்த வீடும், கோவிலும், கல்லறைத் தோட்டமும் உண்டு. நம்மைப் பொறுத்தவரை மன்னா நின்றுவிட்டது. இனி வருகிறவர்களுக்கு அளந்து கொடுக்க வேண்டியவர்கள் நாமே.

எனவே பொன்விழாத் திருப்பலிக்கு வரும்போது கடைசி வரிசையில் நிற்பவரின் பெயரைக் கேட்டு, முன்னே அழைத்து வந்து அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். விழா விருந்துக்குப் பதிவேடு கிடையாது. இறைவன் உங்கள் இல்லங்களை நிறைவாக ஆசீர்வதிப்பாராக.

இறைப்பணியில்,
உங்கள் பங்குத்தந்தை