கையால் வரைந்த அசையும் படங்கள்

கார்ட்டூன் படம் என்றவுடன் பெருஞ்செலவும் வெளிநாட்டு ஸ்டூடியோக்களுமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. ஆயின் அதன் வரலாற்றை நோக்குங்கால், அக்கலை கைப்பொருள் குறைந்த இடங்களிலும் பன்முறை பிறந்து வளர்ந்திருப்பதைக் காண்கிறோம். துறைமுகத்திலும் ஆலைகளிலும் உழைப்போர் நிறைந்த இவ்வடசென்னையில் கல்விப்பணி ஆற்றும் நாம் அதனை அறிந்துகொள்ளுதல் நன்று.

இந்தியாவில் இதன் தொடக்கம் தாதாசாகிப் பால்கேயிடம் உள்ளது. தம் முதற்கதைப் படத்துக்குப் பணம் தேடி அலைந்த அவர், தொட்டியில் பட்டாணி விதைத்து, அது முளைத்துச் செடியாகும்வரை நாள்தோறும் சிறிது சிறிதாகப் படம் பிடித்தார். செடி திரையில் கண்முன்னே வளர்ந்ததைக் கண்ட பின்னரே கடன் கொடுப்பார் கிடைத்தார். 1913-இல் 'ராஜா ஹரிச்சந்திரா' வெளிவந்தது. அவர்தம் மனைவியார் சரஸ்வதிபாய் நகைகளைத் தந்ததோடு நில்லாது, பிலிமுக்குத் துளையிடும் வேலையையும் செய்தார். பின்னர் 1915-இல், உலகப் போர் நடந்த நெருக்கடிக் காலத்தில், தீக்குச்சிகளையே நடிகராக்கி ஒரு சிறு படத்தைப் பால்கே எடுத்தார். குச்சியைச் சற்றே நகர்த்துவது, ஒரு படம் எடுப்பது. மீண்டும் நகர்த்துவது, மீண்டும் எடுப்பது. தீப்பெட்டி ஆலையின் பெயரால் விம்கோ நகர் என ஒரு பகுதியையே கொண்ட திருவொற்றியூரார்க்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தரும்.

தீக்குச்சியை நகர்த்திவிடலாம், ஓவியத்தையோ ஒவ்வொன்றாக வரைதல் வேண்டும். பேசும்படம் நொடிக்கு 24 படங்களாக ஓடுகிறது, நிமிடத்துக்கு 1,440. ஒவ்வோர் ஓவியத்தையும் இருமுறை படம் பிடித்தால் 720 ஓவியம் போதும். கண் அதனை ஏற்றுக்கொள்ளும். ஒருவன் இரண்டு அடி எடுத்து வைப்பதைப் பன்னிரண்டு ஓவியங்களில் முடித்து, அவற்றையே திரும்பத் திரும்பப் பயன்படுத்திப் பின்புலத்தை மட்டும் நகர்த்தினால், அவன் இராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை நடந்துவிடுவான்! ஜெர்மனியின் லோட்டே ரைனிகர் 1926-இல் கறுப்புத்தாளில் வெட்டிய உருவங்களைக் கொண்டே ஒரு முழுநீளப் படத்தை வெளியிட்டார். நம் நாட்டுத் தோற்பாவைக் கூத்துக்கு அது நெருங்கிய உறவு.

சென்னையில் ஜெமினி ஸ்டூடியோவின் 'சினிமா கதம்பம்' என்னும் கார்ட்டூன் படம் 1947-இல் வந்தது. அதனை வரைந்த தாணுவின் பெயரேனும் எஞ்சியது. இடைநிலை ஓவியங்களை வரைவோர், மை தீட்டுவோர், வண்ணம் பூசுவோர் பலர் பெயரின்றியே மறைந்தனர். டிஸ்னியின் 'ஸ்னோ ஒயிட்' 1937-இல் வெளிவந்தபோது, அதற்கு மையும் வண்ணமும் தீட்டிய பெண்களின் பெயர்கள் திரையில் இடம்பெறவில்லை. 1941-இல் அந்நிறுவனத்து ஓவியர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். ஊதியக் குறையோடு, தம் பெயர் திரையில் வாராத குறையும் அவர்களுக்கு இருந்தது. கூலியும் பெயரும் கேட்டு நின்றோர் கதை நம் பகுதிக்குப் புதிதன்று.

கல்விச் சங்கத்தார் என்ற முறையில் நாம் ஊன்றி நோக்கவேண்டியவர் கனடாவின் நார்மன் மெக்லாரன். காமிரா இன்றியே பிலிமின்மேல் நேராக வரைந்து படமாக்குவதில் வல்லவர் அவர். 1949-இல் யுனெஸ்கோ அவரைச் சீனாவுக்கு அனுப்பியது. சிற்றூர் மக்களுக்கு உடல்நலக் கல்வி புகட்டும் படங்களை எளிய பொருள்களால் ஆக்குமாறு அந்நாட்டு ஓவியர்களையே அவர் பழக்கினார். மேனாட்டுப் படத்தைக் கொணர்ந்து காட்டுவது எளிது. அவர் அதனைச் செய்யவில்லை என்பதே நாம் போற்றுவது. மக்கள் தம் ஊரையும் தம் முகத்தையும் திரையில் காணவேண்டுமாயின், வரையும் கையும் அவர்களுடையதாதல் வேண்டும். 1952-53-இல் இந்தியாவுக்கும் அவர் அவ்வாறே பயிற்சியளிக்க வந்தார்.

இன்று பிலிமும் வேண்டா. அசையாது நிறுத்திய ஒரு கைப்பேசியே காமிரா. அனல்மின் நிலையச் சாம்பல் எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்த கதை நம் பிள்ளைகள் கண்ணால் கண்டது. அதனை ஒரு நிமிடப் படமாக வரையக் கரித்துண்டும் வெள்ளைத்தாளும் போதும். 720 ஓவியங்களை முப்பது மாணவர் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு இருபத்துநான்கு. நாளுக்கு நான்கு வீதம் ஆறு மாலைப்பொழுதுகளில் முடியும். முப்பது பெயர்களையும் எழுதிக் காட்டப் படத்தின் இறுதியில் மேலும் சில நொடிகள் வேண்டும்.